பெருங்கற்காலம் என்னும் பெயர்

வரலாற்றுக்கு முற்பட்ட வாழ்வைத் தமிழிற் கற்கப் புகும் மாணவன் முதலில் எதிர்கொள்வது காலப் பெயர்களின் வரிசையொன்றையே. பழைய கற்காலம், இடைக்கற்காலம், புதிய கற்காலம், பெருங்கற்காலம் என ஒரே வாய்பாட்டில் அமைந்த இப்பெயர்கள் மனத்தில் எளிதிற் பதிகின்றன. ஆயின் அவ்வெளிமையே பிழையான விளக்கத்திற்கும் வித்தாகின்றது.

கல், வெண்கலம், இரும்பு என்னும் முக்காலப் பகுப்பு, கோபன்ஹேகன் நூதனசாலைப் பொருட்களை வகைப்படுத்தத் தொம்சன் கையாண்டு 1836 இல் வெளியிட்டதாகும். கற்காலத்தைப் பழையது, புதியது என 1865 இல் யோன் லபொக் பிரித்தார். இவை கருவியை அடிப்படையாகக் கொண்டவை. பெருங்கல்லோ கருவியன்று, இறந்தோரின் அடக்கத்திற்கு அமைத்த கல். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதனை அமைத்தோர் இரும்பை அறிந்தவர்கள். கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களைப் பயன்படுத்தியவர்கள். அவர்களைக் ‘கற்காலம்’ என்னும் ஈறு கற்கருவி மக்களின் வரிசையில் நிறுத்திவிடுகின்றது.

எல்லா அடக்கங்களிலும் பெருங்கல் உண்டெனவுங் கூறமுடியாது. தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவையிற் கற்பலகைகளாலான பதுக்கைகள் உள்ளன. பொம்பரிப்பிற் சிறப்புறுவன தாழிகளே. ஆனைக்கோட்டையில் 1980 இல் நிகழ்ந்த அகழ்வில் நீட்டிக் கிடத்திய அடக்கத்துடன் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையும் கிடைத்தது. எழுத்து வழங்கிய காலத்தைக் கற்காலப் பெயரால் அழைப்பது எவ்வளவு பொருந்தும்?

இடைக்கற்காலம் என்பதும் ஆராயத்தக்கதே. ஐரோப்பாவில் அது இறுதிப் பனியூழியின் பின் வந்த காலத்தைக் குறிக்கும். இலங்கையின் பட்டதொம்பலெனவில் நுண்கற்கருவிகள் 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே வழங்கின. அவற்றின் பின் தெளிவான புதிய கற்காலம் நிறுவப்படாத நாட்டில், ‘இடை’ என்பது எவற்றுக்கு இடையில் என்னும் வினா எழுகின்றது.

நிலைபெற்ற வழக்கை ஆசிரியர் விளக்கத்தால் திருத்தலாமெனச் சிலர் கூறுவர். ஆயின் விளக்கம் மறக்கப்படும், பெயர் நிலைக்கும். ‘பெருங்கற்கால மக்கள்’ என்னுந் தொடர் நாளடைவில் ஒரு தனி இனத்தின் பெயர்போல் ஒலிப்பதையுங் காணலாம். அடக்கமுறையொன்று பரவியமைக்கு மக்கட் பெயர்ச்சி மட்டுமே காரணமாகாது; வணிகமும் உறவும் கருத்துப் பரவலும் காரணமாகலாம். இன உரிமை பற்றிய வாதங்களுக்குத் தொல்லியல் சான்றாக அழைக்கப்படும் இந்நாட்டில் இவ்வேறுபாடு சிறியதன்று.

ஆதலாற் காலத்தை ஆதி இரும்புக்காலம் என்றும், அடக்கங்களைத் தாழியடக்கம், கற்பதுக்கை, கல்வட்டம் என அவற்றின் வடிவினாலும் வழங்குதல் தகும். தாழி புறநானூறு அறிந்த சொல். அங்கு ஒருத்தி தன்னையும் உட்கொள்ளுமாறு அகன்ற தாழி வனையும்படி குயவனை வேண்டுகிறாள். கண்ட பொருளைச் சுட்டும் சொல் மாணவனை அப்பொருளிடம் அழைத்துச் செல்லும். பிறநாட்டுக் கால அட்டவணையின் மொழிபெயர்ப்போ அவனை அட்டவணையிலேயே நிறுத்திவிடும்.