சவேரியார் மடல்களில் முத்துக்குளித்துறைச் சிறார்: பணி பெற்றவரும் பணி செய்தவரும்

புனித பிரான்சிஸ் சவேரியாரை வரைந்த படங்களில் கையில் மணியும் சுற்றிலும் சிறுவர் கூட்டமும் அடிக்கடி இடம்பெறும். இக்காட்சிக்கு மூலம் அவரே எழுதிய ஒரு மடல். 1544 சனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமையில் வாழ்ந்த தம் சபைத் தோழர்களுக்கு அவர் அதனை எழுதினார். அடுத்த ஆண்டே பாரீசில் அச்சேறிய அம்மடல், ஐரோப்பியர் உள்ளத்தில் முத்துக்குளித்துறையைப் பதியவைத்த முதல் எழுத்துகளுள் ஒன்று. மறைப்பணி வரலாறுகள் அதைப் பெரும்பாலும் செய்திச் சான்றாகவே கையாண்டுள்ளன. ஒரு பிரதி என்ற நிலையில், குறிப்பாக அதில் வரும் சிறாரை முன்னிறுத்தி, அது போதிய அளவு வாசிக்கப்படவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முத்துச்சலாப உரிமை தொடர்பான பூசலில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர், 1536–37 அளவில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்கள் மொழியில் மறையைக் கற்பிக்க வல்லார் எவரும் இல்லை. 1542 அக்டோபரில் இக்கரைக்கு வந்த சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தோர் சிலரைக் கூட்டி மன்றாட்டுகளைத் தமிழாக்கச் செய்தார். அவற்றை மனப்பாடம் செய்தார். மணியடித்துச் சிறுவரைச் சேர்த்து நாளுக்கு இருமுறை கற்பித்தார். பொருளை முழுதும் உணராத ஆசிரியர், ஒலியை வைத்தே பொருளைப் பிடித்துக்கொள்ளும் மாணவர் என்னும் இத்தலைகீழ் அமைப்பிலிருந்துதான் மடலின் சிறார் பகுதியை அணுக வேண்டும்.

கொச்சி மடலில் சிறுவர் முதலில் பெறுவோராக வருகின்றனர். செபம் சொல்லித்தரும்வரை அவர்கள் தம்மை உண்ணவோ உறங்கவோ விடுவதில்லை என்கிறார் சவேரியார். சில வரிகளுக்குள் வாக்கியங்களின் எழுவாய் மாறிவிடுகிறது. கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அயலாருக்கும் கற்பிப்போர் சிறுவர். நோயாளிகளைக் காண வருமாறு பல ஊர்களிலிருந்து அழைப்பு வர, எல்லா இடத்துக்கும் செல்ல இயலாத நிலையில் அவர் அனுப்புவதும் சிறுவரையே. அவர்கள் வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி, விசுவாச அறிக்கையை ஓதி, நோயாளிக்கு நம்பிக்கை ஊட்டுகின்றனர். ஏழைச் சிறார்க்குச் செய்த பணி என்று பின்னாளில் போற்றப்பட்டதன் பெரும்பகுதி, பிரதியின் சொந்தச் சான்றின்படி, ஏழைச் சிறார் செய்த பணியே ஆகும்.

அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட மற்றொரு வேலையும் உண்டு. வீடுகளில் மறைவாக நடைபெறும் உருவ வழிபாட்டைச் சிறுவர் வந்து அறிவிக்கின்றனர். பின்னர் அவ்வுருவங்களை உடைத்து மிதிக்கின்றனர். தாய் தந்தையரையே கண்டித்து, அவர்களைப் பற்றித் தம்மிடம் முறையிடும் சிறுவரை மடல் மகிழ்ச்சியோடு காட்டுகிறது. உருவம் உடைந்த வீட்டுக்கு அன்றிரவு திரும்பிச் சென்ற சிறுவனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தந்தையின் சினம், தாயின் அச்சம், குலதெய்வத்தின்மீது கால்வைத்த பிள்ளையின் சொந்த நடுக்கம் ஆகியவற்றுக்கு அம்மடலில் இடமில்லை. கடலோடிக் குடியில் வீட்டுத் தெய்வம் என்பது கடலுக்குச் சென்றவன் கரைதிரும்புவதோடு பிணைந்த ஒன்று. அதனை உடைக்கும் பொறுப்பைக் குடும்பத்தின் மிக இளைய கைகளில் வைத்ததன் விலையை மடலின் உவகை மறைத்துவிடுகிறது.

இவ்விடத்தில் இருவகை வாசிப்புகள் எதிரெதிர் நிற்கின்றன. புனிதர் வரலாற்று மரபு இச்சிறுவரின் ஆர்வத்தை அருளின் வெளிப்பாடாகக் கொள்ளும். காலனியத் திறனாய்வு மரபு அவர்களைப் பிறர் கையிலிருந்த கருவிகளாகக் காணும். முடிவில் மாறுபட்டாலும் இரண்டும் சிறுவனைச் செயப்படுபொருளாகவே நிறுத்துகின்றன. ஒன்றில் அவனை இயக்குவது வானம், மற்றதில் கப்பல். தமிழ் அறியாத குருவுக்கும் இலத்தீன் அறியாத ஊருக்கும் இடையே நின்று, எதை எப்படிச் சொன்னால் வீட்டார் கேட்பர் என்று ஒவ்வொரு வாசலிலும் தீர்மானித்திருக்க வேண்டிய ஒருவனை இரண்டும் தவறவிடுகின்றன.

அவனைக் காண வேறு மடல்களை நாட வேண்டும். 1544இல் சவேரியார் இக்கரையின் மணப்பாடு முதலிய ஊர்களிலிருந்து தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய குறுமடல்கள் அச்சுக்கென எழுதப்பட்டவை அல்ல. அவசரமும் சலிப்பும் கலந்தவை. வேலைக்குறிப்பு என்றே சொல்லத் தக்கவை. கொச்சி மடலின் வியத்தகு சிறுவர் இங்கு இல்லை. பிறந்த குழந்தைக்குத் தாமதமின்றித் திருமுழுக்குக் கொடுத்தல், சிறார்க்குத் தவறாமல் கற்பித்தல், கற்பிக்கும் கணக்கப்பிள்ளைக்கு ஊதியம் சேர்தல் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. மான்சிலாசோடு இருந்த மத்தேயு என்னும் இளைஞனுக்கும் ஒரு செய்தி உண்டு. நல்ல மகனாக இருந்தால் தாம் நல்ல தந்தையாக இருப்பதாகச் சொல்லுமாறும், ஞாயிறுதோறும் மான்சிலாசு கூறுவதை அவன் எல்லாரும் கேட்க உரத்துச் சொல்லவேண்டும் என்றும் எழுதுகிறார். ஊர் கேட்டது மத்தேயுவின் தமிழைத்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

இம்மடல்களுள் ஒன்றில் வரும் மொழித்திருத்தம் தமிழாய்வாளர் கவனத்துக்கு உரியது. விசுவாச அறிக்கையில் 'எனக்கு வேணும்' என்று வரும் இடத்தில் 'வேணும்' என்பதை நீக்கி, 'விசுவாசம்' என்பதையொட்டிய சொல்லை வைக்குமாறு சவேரியார் பணிக்கிறார். முன்னது விரும்புதலையும் பின்னது நம்புதலையும் குறிக்கும் என்று காரணமும் காட்டுகிறார். கிறிஸ்து பாடுபட்டதைக் கூறுமிடத்தில் 'வற்புறுத்தலால்' என்று பொருள்படும் தொடரையும் விலக்கச் சொல்கிறார். அவர் பாடுபட்டது தம் விருப்பத்தால் அன்றோ என்பது வாதம். அவ்வாறாயின் திருத்தம் வரும்வரை, ஏறத்தாழ ஓராண்டுக்கு மேலாக, சிறுவர் வாசல்தோறும் ஓதியது 'கடவுளை நம்புகிறேன்' என்பதன்று. 'கடவுள் எனக்கு வேணும்' என்பதே. இறையியலார்க்கு இது பிழை. நோயுற்றவன் தலைமாட்டில் நின்று ஒரு சிறுவன் சொல்லும்போது அவ்வாக்கியம் அவ்வளவு பொருத்தமற்றதா என்பது வேறு கேள்வி. பரதவர் வீட்டுத் தமிழில் 'வேணும்' என்பது நேர்ச்சைக்கும் முறையீட்டுக்கும் உரிய சொல். மறைமொழி பிழைபட்ட இடத்தில் மக்கள்மொழி தன் வேலையைச் செய்தது எனலாம்.

1544 சூன் மாதம் வடுகர் படை தென்கோடிக் கடற்கரையைத் தாக்கியபோது எழுதிய மடல்கள் தொனியிலேயே வேறுபடுகின்றன. கன்னியாகுமரியை ஒட்டிய பாறைகளில் பசியாலும் தாகத்தாலும் மடிவோருக்கு உதவ இருபது தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டதையும், எதிர்க்காற்றால் முனையை எட்ட முடியாமல் போனதையும், பின் நடந்தே சென்றதையும் சவேரியார் எழுதுகிறார். உணவற்றோர், நடக்கமாட்டாத முதியோர், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்டிர் ஆகியோரைக் காட்டும் இவ்வரிகளில் உவமையும் இல்லை, மேற்கோளும் இல்லை. தோழர்களுக்கு எழுதுகையில் சிறுவர் விண்ணரசின் சான்று. மான்சிலாசுக்கு எழுதுகையில் அவர்கள் பசிக்கும் வயிறு. ஒரே கை எழுதிய இருவேறு சிறார் இவர்கள். இலக்கிய வரலாறு முதலாமவரை மட்டுமே நினைவிற் கொண்டது.

பணத்தின் வழியையும் ஈண்டுக் காட்டவேண்டும். போர்த்துகல் அரசி காத்தரீனாவின் காலணிச் செலவுக்கென இக்கரையின் வருவாயிலிருந்து ஒதுக்கப்பட்ட 4000 பணம், சவேரியாரின் வேண்டுகோளால் சிறார்க்குக் கற்பிப்போர் ஊதியத்துக்கு மாற்றப்பட்டதாக வரலாற்றாசிரியர் குறிப்பர். இது அரசியின் கொடையாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அவ்வருவாயோ முத்துக்குளித்த பரதவர் செலுத்திய இறை. மூச்சடக்கி மூழ்கிய தந்தையர் ஈட்டியதே சுற்றிவந்து பிள்ளைகளின் கல்விக்கு ஆயிற்று. இதனை உதவி என்பதைவிடத் திருப்பிக் கொடுத்தல் என்பதே பொருந்தும்.

வாய்மொழியாகத் தொடங்கிய இக்கற்பித்தல் என்றிக்கே என்றிக்கசு அடிகளாரால் நூலுருப் பெற்றது. தமிழை இலக்கணமுறையிற் கற்ற அவர் வழி 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயின. பின்னதற்கு மூலமான மார்க்கோசு சோர்சு அடிகளின் போர்த்துகீசிய நூல் சிறுவர்க்குக் கற்பிப்பதற்கென்றே உரையாடல் வடிவில் அமைந்தது. 1963இல் இராசமாணிக்கம் அடிகளார் அதன் தமிழ் வடிவைத் தூத்துக்குடித் தமிழிலக்கியக் கழகத்தின் வாயிலாகப் பதிப்பித்த பின்னரே அது ஆய்வாளர் கைக்கு எளிதில் எட்டியது. தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கநூல் என்றே அதைப் போற்றுகிறோமே தவிர, சிறுவர் நூலொன்றின் வழிவந்தது என்று பேசுவதில்லை.

அந்நூலில் ஆசிரியன் வினவ மாணவன் விடையிறுக்கிறான். 'எனக்கு வேணும்' என்று பிழைபட ஓதியவன் அங்கு இல்லை. விடைகள் திருத்தமானவை, மாணவன் வாய்திறக்கும் முன்னரே அச்சாகி நிற்பவை. ஒரு வினாவையேனும் அவன் தானாக எழுப்புவதில்லை.