விரல்களின் சதுரங்கம்

சதுரங்கம் சினிமாவுக்கு ஒத்துவராத ஆட்டம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நடப்பதெல்லாம் மண்டைக்குள் நடக்கிறது. காமிராவுக்கு அங்கே வேலை இல்லை. எனவே படமெடுப்பவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அதற்கு ஒரு அர்த்தத்தைத் தேடிக்கொள்கிறார்கள். சத்யஜித் ராயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி'யில் (1977) அது உருவகம். 1856இல் கம்பெனி அவத் ராஜ்யத்தை விழுங்கிக்கொண்டிருக்க, லக்னோவில் இரண்டு பிரபுக்கள் காய் நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். ஜான் லெகுயிஸாமோ இயக்கி நடித்த 'கிரிட்டிகல் திங்கிங்' (2020) படத்தில் அது ஏணி. மயாமியில் ஒரு ஏழைப் பேட்டைப் பள்ளிக்கூடம், ஒரு வாத்தியார், ஐந்து பையன்கள், 1998இல் தேசிய சாம்பியன் பட்டம். சிறிய அளவில் எடுக்கப்பட்ட, நேர்மையான படம். ஆனால் ஜெயிக்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்ட பிறகு பலகையைப் பார்க்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. முகங்களைப் பார்த்தால் போதும்.

ஆட்டத்தையே பார்க்கவைத்த படம் என்று நான் சொல்லக்கூடியது இயன் மெக்டொனால்டின் 'அல்காரிதம்ஸ்' (2012). இது கதைப்படம் அல்ல. பார்வையற்ற பையன்கள் ஆடும் சதுரங்கத்தைப் பற்றிய கறுப்பு வெள்ளை ஆவணப்படம். சென்னை, பரோடா, புவனேசுவரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த மூன்று பையன்களை, 2009இல் ஸ்வீடனில் நடந்த உலக இளையோர் போட்டிக்குச் சற்று முன்பிருந்து 2011இல் கிரீஸில் நடந்த அடுத்த போட்டிக்குப் பிறகுவரை இது தொடர்கிறது. அவர்களை அழைத்துப்போகும் சாருதத்த ஜாதவும் பார்வையற்றவர், முன்னாள் ஆட்டக்காரர். ஆவணப்படம் என்ற முத்திரையை வைத்து இதை ஒதுக்குவது சோம்பேறித்தனம். எழுதி நடிக்கவைத்த படங்கள் தவறவிட்ட நாடகம் இதில் இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் ஆளுக்கொரு பலகை. கறுப்புக் கட்டங்கள் சற்றே மேடாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, காயின் அடியில் ஒரு முளை. கறுப்புக் காய்களை விரல் அறிந்துகொள்ளத் தனி அடையாளம் உண்டு. ஆடியதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். எதிராளி அதைத் திருப்பிச் சொல்லித் தன் பலகையிலும் அந்தக் காயை நகர்த்துவான். தொட்ட காயை ஆடியாகவேண்டும் என்பது சதுரங்கத்தின் பொதுச் சட்டம். இங்கே தொடுவதுதான் பார்ப்பது. ஆகவே துளையிலிருந்து காயை எடுத்தால்தான் தொட்டதாகக் கணக்கு.

காமிராவின் சங்கடம் இந்த ஒரு விதியில் தீர்ந்துவிடுகிறது. யோசனை மண்டையிலிருந்து விரலுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு சிப்பாயின் மேல் விரல் தங்குவதும், நகர்ந்துபோய் ராஜாவைச் சுற்றித் தடவிவிட்டுத் திரும்புவதும் சந்தேகத்தின், பயத்தின் அசைவுகள். உருவகமோ பின்னணி இசையோ செய்யவேண்டிய காரியத்தை வெறும் கை செய்துவிடுகிறது.

குறையும் உண்டு. கறுப்பு வெள்ளை என்பது சதுரங்கப் பலகையை நினைவூட்டும் சுலபமான சாதுரியமாகச் சில இடங்களில் படுகிறது. பார்வையைவிட முன்னோக்கே பெரிது என்ற வாசகமும் படத்துக்கு அதிகப்படி. அந்த விரல்கள் அதற்கு மேலேயே சொல்லிவிட்டன.

நான் ஒரகடத்தில் வங்கிக் குமாஸ்தா. 2022இல் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது; சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியனானார். பெருமைப்படவேண்டிய விஷயங்கள்தான். அதற்குப் பிறகு ஒருநாள், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடு ஒருவர் என் கவுண்ட்டருக்கு வந்தார். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுக்கவேண்டும். பையனை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பவேண்டுமாம். "ரேட்டிங் வந்துட்டா காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்கும் சார்" என்றார். வட்டி குறையும் என்று சொன்னேன். தலையாட்டினார். பையனுக்கு அந்த ஆட்டம் பிடிக்குமா என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

அவரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒப்பந்த வேலையில் இருப்பவனுக்கு ஏணி உருவகமல்ல, தேவை. ஆனால் ஜெயித்தவர்களின் கதையை மட்டுமே சொல்லும் சினிமாவும் பத்திரிகையும் ஏணியை மாத்திரம் காட்டிவிட்டு ஆட்டத்தை மறைத்துவிடுகின்றன. ஏறமுடியாமல் போகும் பையனுக்குக் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. 'அல்காரிதம்ஸ்' அந்தக் கேள்வியை எழுப்புகிறது. பலகைமேல் ஊரும் அந்தக் கை எந்தக் கோட்டாவையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. அது அடுத்த காயைத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சில நிமிஷங்கள் பையனுக்கே சொந்தம்.

இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஏதாவது ஒன்றில் இதைத் திரையிட்டால் நல்லது. பையன்களுக்கு மட்டுமல்ல. ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாக்களையும் உட்காரவைக்கவேண்டும்.