வண்ணம் அதன் பொறுப்பு, வயர் உங்கள் பொறுப்பு

கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் போடுகிறவர்களுக்கு ‘பிக்சல் லைட்’ புதிதல்ல. கம்ப்யூட்டரில் பேட்டர்ன் தயாரித்து, எஸ்டி கார்டில் ஏற்றி, டி-1000எஸ் போன்ற கன்ட்ரோலரில் செருகினால் மயில் தோகை விரிக்கும், வேல் சுழலும். சிக்கல் எப்போது வரும் என்றால், ராத்திரி எட்டு மணிக்கு விழா கமிட்டித் தலைவர் வந்து, “அந்தச் சிவப்பைக் கொஞ்சம் குறைங்க தம்பி” என்னும்போது. கார்டைக் கழற்றிக்கொண்டு மறுபடியும் கம்ப்யூட்டரைத் தேடிப் போக வேண்டும்.

அந்த அலைச்சலை இல்லாமல் ஆக்குகிறது டபிள்யூஎல்இடி. இது இலவசமான, திறமூல ஃபர்ம்வேர். ₹500 அளவில் கிடைக்கும் இஎஸ்பி32 போர்டில் ஏற்றிவிட்டால், அந்தப் போர்டே வைஃபை வழியாக ஒரு வலைப்பக்கத்தைப் பரிமாறும். மொபைலில் அதைத் திறந்து நிறம், வேகம், வெளிச்சம் எல்லாவற்றையும் நின்ற இடத்திலிருந்தே மாற்றலாம். தெருவைப் பார்த்த காம்பவுண்டுச் சுவரில் ஐந்து மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப்பையும், 16-க்கு 16 பேனல் ஒன்றையும் மாட்டி இதைச் சோதித்துப் பார்த்தேன்.

நிறுவுவது எப்படி?

போர்டை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, குரோம் பிரவுசரில் டபிள்யூஎல்இடியின் இன்ஸ்டால் பக்கத்தைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; ஒரு வரிகூட புரோகிராம் எழுத வேண்டாம். பிறகு மொபைலின் வைஃபை பட்டியலில் ‘டபிள்யூஎல்இடி-ஏபி’ என்ற பெயர் தெரியும். அதில் சேர்ந்து 4.3.2.1 என்ற முகவரியைத் திறக்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டுகொண்ட மொபைல், சொல்லாமல் கொள்ளாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும்; பக்கம் திறக்காது. முதல் வேலையாக மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

பயன்பாட்டில் எப்படி?

நான் எடுத்தது டபிள்யூஎஸ்2812பி வகை ஸ்ட்ரிப். மீட்டருக்கு 60 வீதம் சுருளுக்கு 300 எல்இடி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது. வரும் தகவலில் தனக்கான 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளிவிடும். ஒரு எல்இடிக்கு 30 மைக்ரோ விநாடி ஆகும். 300 எல்இடிக்கு இது பொருட்டே இல்லை. ஆயிரத்தை ஒரே வரிசையில் கோத்தால் விநாடிக்கு 33 முறைக்கு மேல் படம் மாறாது. அசைவில் வழவழப்பு குறையும். அப்போது வரிசையைப் பிரித்து, போர்டின் வேறு வேறு பின்களில் கொடுக்க வேண்டும். அதற்கும் செட்டிங்கில் இடம் இருக்கிறது.

நூற்றுக்கு மேற்பட்ட எஃபெக்ட்கள் உள்ளே இருக்கின்றன. ஸ்ட்ரிப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எஃபெக்ட் ஓட்டலாம், அமைப்பைச் சேமிக்கலாம், சேமித்தவற்றை வரிசையாக ஓடவிடலாம். நம் ஊருக்கு மிகவும் உதவுவது ஒன்று: கரண்ட் போய் வந்தால் எந்த அமைப்பில் தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஆனால் நேரம் பார்த்துத் தானே எரிந்து அணைய வேண்டுமென்றால் போர்டுக்கு இணையம் வேண்டும். அங்கிருந்துதான் மணியைத் தெரிந்துகொள்கிறது.

ஐஎன்எம்பி441 என்ற சின்ன டிஜிட்டல் மைக்கைச் சேர்த்தால் ஒலிக்கு ஏற்ப விளக்கு ஆடும். வீட்டுக்குள் தவில் தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டபோது ஒவ்வொரு சொல்லுக்கும் பேனல் துள்ளியது. அதே மைக்கைத் தெருப்பக்கம் வைத்தால் ஆட்டோ ஹார்னுக்கும் துள்ளுகிறது. சத்த அளவைச் சரிசெய்யும் அமைப்புகளில் கொஞ்ச நேரம் செலவழிக்காமல் இது உருப்படாது.

ஏமாற்றம் எழுத்தில்தான். ஓடும் எழுத்து எஃபெக்ட் ஆங்கிலத்துக்கு மட்டுமே. தமிழை எழுத வேண்டுமென்றால் படமாக வரைந்து, இதிலேயே இருக்கும் படமாற்றுக் கருவி வழியாக பேனலுக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினாலும் 16 வரிசை நம் எழுத்துக்குப் போதவில்லை. ‘அ’ ஒருவாறு தேறுகிறது; ‘ணீ’ கறையாகத் தெரிகிறது. கொம்பும் சுழியும் பிரிந்து தெரிய 32 வரிசையாவது வேண்டும்.

மின்சாரக் கணக்கு

ஸ்ட்ரிப்பில் உள்ள ஒரு எல்இடி முழு வெள்ளையில் எரிந்தால் சுமார் 60 மில்லியாம்பியர் இழுக்கும். முந்நூறுக்கு 18 ஆம்பியர். 5 வோல்ட்டில் 90 வாட். மொபைல் சார்ஜர் தாங்குகிற கதையில்லை. அதனால்தான் டபிள்யூஎல்இடி தொடக்கத்திலேயே 850 மில்லியாம்பியர் என்று ஒரு வரம்பு வைத்து வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. ‘ஏன் மங்கலாக எரிகிறது’ என்று குழம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது. வரம்பை ஏற்றலாம், உங்கள் பவர் சப்ளை எவ்வளவு தருமோ, அதற்குக் கொஞ்சம் கீழே வரை மட்டும்.

இந்த வரம்பை நம்பி ஃபியூஸைத் தவிர்க்கக் கூடாது. மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் எதுவும் இதில் இல்லை. எத்தனை எல்இடி, என்ன நிறம் என்று பார்த்து மனக்கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். மழைநீர் இறங்கி ஷார்ட் ஆனால் அதற்குத் தெரியாது. ஸ்ட்ரிப்பில் இருக்கும் செம்புத் தகடும் மிக மெல்லியது. ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் மறுமுனையில் வோல்ட் சரிந்து வெள்ளை மஞ்சளாகிறது. நீலமும் பச்சையும் எரியக் கூடுதல் வோல்ட் கேட்பவை என்பதால் அவைதான் முதலில் மங்கும். இரு முனையிலும் தடித்த வயரில் கரண்ட் கொடுத்ததும் சரியாயிற்று.

இன்னொன்று, இஎஸ்பி32 தரும் சிக்னல் 3.3 வோல்ட், 5 வோல்ட்டில் ஓடும் ஸ்ட்ரிப் எதிர்பார்ப்பது 3.5. பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் வேலை செய்யும். வயர் நீண்டால் தாறுமாறாக மின்னும். 74ஏஎச்சிடி125 என்ற ஐசி ஒன்றை நடுவில் போடுங்கள். டேட்டா வயரில் 330 ஓம் ரெசிஸ்டர், ஸ்ட்ரிப்பின் வாயில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஆகும் செலவு ஒரு மதியச் சாப்பாட்டுக்கு மேல் போகாது.

தெருவுக்குக் கொண்டுபோனால்

பொது இடத்தில் வைப்பவர்கள் முதலில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். தொடக்கப் பாஸ்வேர்டு ‘டபிள்யூஎல்இடி1234’ என்பது உலகத்துக்கே தெரியும். பின் நம்பர் போட்டு செட்டிங்கைப் பூட்டலாம்; ஆனால் அதே வைஃபையில் இருப்பவர் நிறத்தை மாற்றுவதை அது தடுக்காது.

அடுத்தது வெயிலும் மழையும். கலைஞர் லியோ வில்லாரியல் 2013 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோ பே பாலத்தின் கம்பிகளில் 25,000 வெள்ளை எல்இடிகளை ஏற்றி, ஊரே பார்க்கும் கலைப்படைப்பாக்கினார். கடற்காற்றிலும் அதிர்விலும் விளக்குகள் வரிசையாகப் பழுதாகி, 2023 மார்ச்சில் மொத்தத்தையும் அணைக்க வேண்டியதாயிற்று. பொறியாளர் படையோடு செய்த வேலைக்கே இந்த கதி. வெளிச்சுவருக்கு ஐபி67 உறையிட்ட ஸ்ட்ரிப், ஒவ்வொரு மூட்டிலும் சிலிக்கோன் பூச்சு, பவர் சப்ளைக்கு மழை படாத பெட்டி என்று போகாவிட்டால் ஐப்பசியைத் தாண்டுவது கஷ்டம்.

இதையெல்லாம் செய்த பிறகும் மிச்சமிருப்பது, எதைக் காட்டுவது என்ற கேள்வி. 2001 செப்டம்பரில் பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸில் உள்ள ‘ஹவுஸ் டெஸ் லேரர்ஸ்’ கட்டடத்தின் மேல் எட்டு மாடிகளை கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் அமைப்பு கையில் எடுத்தது. ‘பிளிங்கன்லைட்ஸ்’ என்று பெயர். மாடிக்கு 18 என 144 ஜன்னல்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விளக்கு. எரியும், அணையும், நிறம் கிடையாது. என் சுவரில் இருந்த பேனலில் மட்டுமே 256 எல்இடி, ஒவ்வொன்றிலும் ஒன்றரைக் கோடிக்கு மேல் வண்ணங்கள். ஆனால் அந்த 144 ஜன்னல்களில், கீழே சதுக்கத்தில் நின்றவர்கள் மொபைலில் அழைத்து, கட்டடத்தின் மேலேயே ‘பாங்’ என்ற வீடியோ கேமை விளையாடினார்கள். அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்கள் 2012-ல் கிரீன் பில்டிங்கின் 153 ஜன்னல்களில் டெட்ரிஸ் ஓட்டியபோதும் அதே சூத்திரம்தான்: பார்ப்பவர் கையில் ஒரு பிடி.

டபிள்யூஎல்இடியில் இதற்கான கதவு திறந்தே இருக்கிறது. போர்டின் ஒரு பின்னில் அழுத்தும் பொத்தானை இணைத்து, அழுத்தினால் எந்த அமைப்பு ஓட வேண்டும் என்று செட்டிங்கில் குறிப்பிடலாம். வானவில் எஃபெக்ட் ஓடிய மாலைகளில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். பொத்தானைச் சுவரில் வைத்து, அழுத்தினால் ஒரே ஒரு நீல அலை ஓடும்படி மாற்றியதும் டியூஷன் விட்டுவந்த பிள்ளைகள் நகர மறுத்தார்கள். அவர்களைக் கூப்பிட வந்த பெரியவர்களும் ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் போனார்கள்.

வாங்கலாமா?

வீட்டு அலங்காரம், கல்லூரி விழா, சின்ன அளவில் தெருக் கலை என்று நினைப்பவர்களுக்கு இந்தச் செலவில் இதைவிட நல்ல தொடக்கம் நான் பார்த்ததில்லை. பெரிய திருவிழா கட்அவுட் செய்பவர்கள் எஸ்டி கார்டு கன்ட்ரோலரை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் பிக்சல், நடுவில் வைஃபை நெரிசல் என்றால் அதுவே நிம்மதி. படம் பிடிப்பதற்காக வைக்கிறீர்கள் என்றால் டபிள்யூஎஸ்2812பி-யின் பழைய ரகங்கள் கேமராவில் பட்டை பட்டையாகத் தெரியும். ஏபிஏ102 வகைக்குப் போங்கள், டபிள்யூஎல்இடி அதையும் ஓட்டும்.

பட்ஜெட்டில் பாதியை பவர் சப்ளை, தடித்த வயர், ஃபியூஸ், பெட்டி ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தில் எவ்வளவு எல்இடி வருமோ அவ்வளவு போதும். அதிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நல்ல பொத்தான் ஒன்று வாங்கிவிடுங்கள்.