பசியில்லாத சிங்கங்கள்

சிங்கத்தின் கர்ச்சனையைச் செபமாகக் கேட்டவர் 104ஆம் திருப்பாடலின் ஆசிரியர். இருள் இறங்கியதும் இளஞ்சிங்கங்கள் எழுப்பும் முழக்கத்தை அவர் அச்சத்தோடு பாடவில்லை. படைத்தவரிடமே அவை தங்கள் உணவைக் கேட்கின்றன என்கிறார். கேட்கப்படும் உணவு இன்னோர் உயிர் என்பதை அறிந்தே அதனைப் புகழ்ப்பாடலுக்குள் வைத்தார். ஆப்பிரிக்கப் புல்வெளி விலங்குகளைப் பற்றி நம் குழந்தைகளின் கைகளுக்கு வரும் ஆங்கிலப் படநூல்களைப் புரட்டும்போது இத்திருப்பாடலே அளவுகோலாக வந்து நிற்கிறது. அந்நூல்களில் சிங்கம் உண்டு, கர்ச்சனையும் உண்டு, பசிதான் இல்லை.

இவ்வகை நூல்களில் மிகப் பரவலாக அறியப்பட்டது ‘ஜிராஃப்ஸ் கான்ட் டான்ஸ்’. ஜைல்ஸ் ஆண்ட்ரியே எழுத, கை பார்க்கர்-ரீஸ் படம் வரைய, 1999இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் காட்டில் நடனவிழா நடக்கிறது. ஜெரால்டு என்னும் ஒட்டகச்சிவிங்கிக்குக் கால்கள் கோணல், ஆட வராது. அது மேடைக்கு வருவதைக் கண்ட சிங்கங்கள் கர்ச்சிக்கின்றன; அந்தக் கர்ச்சனை ஏளனம். மனமுடைந்து திரும்பும் ஜெரால்டிடம் ஒரு சிள்வண்டு, உனக்குரிய இசை வேறு என்று சொல்ல, நிலவொளியில் அது அழகாக ஆடத் தொடங்குகிறது.

வகுப்பில் ஒதுக்கப்படும் குழந்தைக்கு இக்கதை ஆறுதல் தரும் என்பதில் ஐயமில்லை. படங்களின் நீலமும் ஊதாவும் கண்ணுக்கு இனியவை. ஆனால் இதில் ஒட்டகச்சிவிங்கி எங்கே? ஒட்டகச்சிவிங்கித் தோலைப் போர்த்திய ஒரு பள்ளிச் சிறுவனே இருக்கிறான். பலவகை நடனம் கற்ற விலங்குகள் இருக்கின்றன. புல் மேய்வதோ இரை தேடுவதோ ஒன்றுமில்லை. நூல் நகைக்கும் அந்தக் கால்களையே எடுத்துக்கொள்வோம். நீண்ட கழுத்துள்ள அவ்விலங்கு நீர்நிலையில் குனிந்து குடிக்க வேண்டுமானால் முன்னங்கால்களை அகல விரித்தோ மடக்கியோதான் நிற்க முடியும். உயரமே அரணாகக் கொண்ட உயிர், தாகம் தீர்க்கும் அந்தச் சில நொடிகளில் அரணற்று நிற்கிறது. சிங்கம் காத்திருப்பதும் அந்நேரத்திற்காகத்தான். இரத்தத்தை அவ்வளவு உயரத்திற்குத் தள்ளுவதற்கென மனிதருக்கு உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இரத்த அழுத்தம் அதற்கு உண்டு. ஆயினும் கழுத்தெலும்புகள் நமக்குள்ளவை போலவே ஏழுதான். இந்த வியப்புகளை ஒதுக்கிவிட்டு நடனம் கற்றுத்தரத்தான் வேண்டுமா?

குழந்தைகளுக்கு ஏன் இந்தக் கொடுமையைச் சொல்லவேண்டும் என்று பெற்றோர் கேட்பர். ஏதேன் தோட்டத்தில் சிங்கமும் புல்லைத்தானே தின்றது என்று மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலரும் சொல்வதுண்டு. புனித தோமா அக்குவினா இதனை ஏற்கவில்லை. மனிதனின் பாவத்தால் விலங்குகளின் இயல்பு மாறிவிடவில்லை. இன்று ஊன் தின்பவை அன்று மட்டும் இலை தின்றிருக்கும் என்பது பொருந்தாது என்று தம் இறையியல் தொகுப்பின் முதற்பகுதியில் தெளிவாக எழுதினார். சிங்கம் வைக்கோல் தின்னும் எனக் கண்டவர் இறைவாக்கினர் எசாயா. அவர் கண்டது வரவிருக்கும் நிறைவு. அந்த நிறைவை ஒரு நடன மேடையாக மலிவாக்கி இன்றைய நாளில் வைத்துவிட்டால், உண்மையான சிங்கத்தைப் பின்னர் அறியும் குழந்தைக்குப் படைப்பே ஏமாற்றுவதாகத் தோன்றும்.

பசி மறைக்கப்படுவது போலவே, பல நூல்களில் அம்மண்ணின் மக்களும் மறைக்கப்படுகின்றனர். லாரி கிரெப்ஸ் எழுதி ஜூலியா கெய்ர்ன்ஸ் வரைந்த ‘வீ ஆல் வென்ட் ஆன் சஃபாரி’ (2003) இதற்கு விலக்கெனத் தோன்றும். தான்சானியாவின் மாசாய்ச் சிறுவர் சுவாகிலி எண்களால் ஒன்று முதல் பத்து வரை விலங்குகளை எண்ணிச் செல்கின்றனர். வண்ணங்கள் நன்று, பின்னிணைப்பும் பயனுள்ளது. எனினும் எண்ணப்படும் பத்தும் காட்டு விலங்குகளே. மாசாய் மக்களின் உயிர்நாடியாகிய மாடு அந்தப் பத்தில் இல்லை. சொந்த நிலத்தில் அவர்கள் சுற்றுலாப் பயணியரைப்போல் நடக்கின்றனர். செரெங்கெட்டி தேசியப் பூங்காவிற்குள் வாழ்ந்த மாசாய்கள் 1959இல் மாடுகளோடு கொரொங்கோரோப் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டனர்; 2022இல் லோலியோண்டோவில் எல்லைக்கல் நடும்போதும் மோதல் மூண்டது. எண் கற்கும் நூலில் இவ்வரலாறு வேண்டியதில்லை. ஒரு மாடாவது நின்றிருக்கலாம்.

மாடு நிற்கும் நூல் ஒன்று உண்டு. வெர்னா ஆர்டமா மறுபடைப்புச் செய்து, பெயாட்ரிஸ் விடால் வரைந்த ‘பிரிங்கிங் த ரெயின் டு கபிட்டி ப்ளெய்ன்’ (1981). கென்யாவின் நாண்டி மக்களிடம் வழங்கிய கதை. கிளாட் ஹாலிஸ் என்பவர் 1909இல் பதிப்பித்தார். மழை பொய்க்கிறது, பெருவிலங்குகள் இடம்பெயர்கின்றன, பசித்த மந்தையோடு கி-பாட் என்னும் இடையன் ஒற்றைக்காலில் நிற்கிறான். கழுகு உதிர்த்த இறகை அம்பில் கட்டி, கருமேகத்தைத் துளைத்து மழை பெய்விக்கிறான். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரடி கூடி வளரும் இப்பாட்டு, தன் பெயரை மறந்த ஈ கன்றிடமும் பசுவிடமும் இடையனிடமும் கேட்டுச் செல்லும் நம் ஊர்க் கதையின் உடன்பிறப்பு. இங்கே பசி ஒளிக்கப்படவில்லை. மாடும் மனிதனும் மானும் ஒரே மேகத்தை நோக்கிக் காத்திருக்கின்றனர். கார்மேல் மலையில் கையளவு மேகத்திற்காகக் காத்திருந்த எலியா நினைவிற்கு வருகிறார். அவர் மன்றாடினார், கி-பாட் அம்பெய்கிறான் என்பதே வேறுபாடு. ஆங்கிலச் சந்தம் துள்ளலாக ஓடுவதால் வறட்சியின் கனம் சற்றுக் குறைந்துவிடுகிறது என்பது குறைதான். ஆயினும் இந்த வரிசையில் முதலிடம் இதற்கே.

அந்தக் கபிட்டிப் பக்கத்து மழைநீரையும் ஏந்திக்கொண்டு ஓடும் அதி ஆறு, சாவோ வனத்தைக் கடந்து, சபாக்கி என்னும் பெயரில் மலிந்தி அருகே இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. 2004 டிசம்பரில் அவ்வாறு பெருக்கெடுத்தபோது நீர்யானைக் கூட்டம் ஒன்று கடலோரத்திற்கு அடித்துவரப்பட்டது. 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. வேளாங்கண்ணியில் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு வந்திருந்த திருப்பயணிகளை வாரிச்சென்ற அதே அலைதான். அலை ஓய்ந்தபின் பவளப்பாறையில் ஒரு குட்டி மட்டும் சிக்கியிருந்தது. மீட்டவர்கள் அதனை மொம்பாசாவின் ஹாலர் பூங்காவிற்குக் கொண்டுசென்றனர். அங்கே அது ஏறத்தாழ 130 வயதெனச் சொல்லப்பட்ட ஓர் ஆண் ஆமையின் பின்னே போய் ஒண்டிக்கொண்டது.

‘ஓவன் அண்ட் ம்ஸீ’ (2006) சொல்லும் மெய்க்கதை இது. சிறுமி இசபெல்லா ஹாட்காஃப், அவள் தந்தை கிரெய்க், கென்ய அறிஞர் பவுலா கஹும்பு ஆகியோர் எழுதியது. நிழற்படங்கள் பீட்டர் கிரெஸ்தே எடுத்தவை. தாய் போய்விட்டது என்பதை நூல் மழுப்பவில்லை. வேறு நீர்யானைகளிடம் விட்டால் அவை குட்டியைத் தாக்கக்கூடும் என்பதையும் சொல்கிறது. நீர்யானை ஏன் ஆமையை நாடியது என்பதற்கு அறிவியலாரிடமும் உறுதியான விடை இல்லை என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. முடிவில் மட்டும் நட்பைப் பற்றிய பாடம் ஒன்றைப் பொருத்தியிருக்கின்றனர், அது தேவையற்றது. ஆமையின் ஓட்டின்மேல் முகம் சாய்த்து நீர்யானைக்குட்டி உறங்கும் படம் போதும். கடற்கரைப் பங்குகளில் இந்நூலை வாசித்துக் காட்டுவோர், பாடத்திற்கு விரையாமல் அப்படத்தில் சற்றே நிறுத்தலாம். அம்மா எங்கே என்று குழந்தை கேட்கும். நூலில் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். பக்கத்தைக் குழந்தையே புரட்டட்டும்.