ஹனீபாவின் குரலும் இரவல் மெட்டுகளும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில், ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் மர்ஹூம் நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் குரலை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மெட்டைக் கடந்து பூப்பாறைப் பக்கம் இறங்கிவிட்டால் அவ்விடத்தை மாப்பிளைப் பாட்டு எடுத்துக்கொள்ளும். ரபீஉல் அவ்வல் மாலைகளில் போடியின் ராவுத்தர் இல்லங்களிலோ இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களின் கஸீதத்துல் புர்தா கூட்டாக ஓதப்படும். மூன்றையும் ஒரே செவியால் கேட்பவருக்கு ஒரு வினா எழாமல் இராது. மெட்டு எங்கிருந்தும் வரலாம் எனில், மரபு என்று எஞ்சி நிற்பது யாது?

இவ்வினாவை நம்மினும் முன்னதாக எதிர்கொண்டவர்கள் மஃரிபு மக்கள். 1492-இல் கிரனாடா வீழ்ந்தபோது அந்தலூஸ் இசைக்கு அடைக்கலம் தந்தவை அவர்களுடைய நகரங்களே. மொராக்கோவில் அவ்விசை இன்றும் 11 நூபாக்களாக வழங்கிவருகிறது. பெஸ் நகரில் பிறந்த பாடகி அமீனா அலவி, கர்னாத்தி மரபில் தேர்ந்தவர். (பெயரொலியில் மயங்க வேண்டா, இது கிரனாடாவைக் குறிக்கும் சொல்.) அம்மரபோடு போர்த்துகீசிய ஃபாதோவையும் ஸ்பானிய பிளமெங்கோவையும் இணைத்து 2011-இல் அவர் வெளியிட்ட 'ஆர்க்கோ ஈரிஸ்' இசைத்தட்டில், கலப்பு எங்கும் உறுத்தவில்லை. அதற்குக் காரணம் அவருடைய பள்ளி. சொல் தீர்ந்தும் மெட்டுத் தீராத இடங்களில் நூபா பாடுவோர் பொருளற்ற அசைகளைப் பெய்து நிரப்புவது வழக்கம். நம் தானத்தைப் போன்றது அது. நிரப்பு எது, கவிதை எது என்பது கேட்போருக்குத் தெரியும். புர்தாவும் அங்கே அந்தலூஸ் பண்களில் பாடப்படுகிறது. நம்மூரில் அதற்கு வேறு மெட்டு. ஆயினும் 'பஸீத்' என்னும் அதன் யாப்பும், நெடிலும் குறிலும் இரு கரைகளிலும் ஒன்றே.

ஹனீபா (1919-2015) அவர்களுக்கு அத்தகைய பள்ளி எதுவும் வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தது மேடை. திராவிட இயக்கத்தின் திறந்தவெளிக் கூட்டங்களில் ஓங்கி ஒலித்த குரல் அது. கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் ஒவ்வொரு மெய்யெழுத்தும் தெளிவாகச் சென்று சேரவேண்டும் என்னும் கட்டாயத்தில் விளைந்த உச்சரிப்பு அவருடையது. அவர் பாடிய இஸ்லாமியப் பாடல்களுள் பல, அக்காலத் திரைமெட்டுகளில் அமைந்தவை என்பது நாமறிந்ததே. இதனைக் குறையாகச் சொல்வோர் உளர். இரவல் மெட்டு குறையன்று. அதற்குள் தமிழ்ச் சொல் எவ்வாறு அமர்கிறது என்பதே நாம் நோக்கத்தக்கது. (இசைக்கருவிகள் பற்றிய மார்க்க விவாதத்திற்குள் நாம் இங்கே நுழையவில்லை.)

இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அப்பாடலை அறியாதார் தமிழகத்தில் இலர். அதில் வாக்கியம் முடியுமிடத்தில் மெட்டும் முடிகிறது. வேண்டுதலுக்குரிய சொல்லின் மீதே குரலும் ஏறுகிறது. பேச்சின் அழுத்தமும் பாட்டின் அழுத்தமும் வேறுபடவில்லை. விரைந்த திரைமெட்டுகளைத் தழுவிய பாடல்கள் சிலவற்றிலோ, தாளத்தை நிரப்பும் பொருட்டு விளிச்சொற்கள் தேவைக்கு மேல் அடுக்கப்பட்டுள்ளன. பொருளற்ற அசை நிற்கவேண்டிய இடத்தில் பொருளுள்ள சொல் வெறும் அசையாகிவிடுகிறது. அங்கும் அவர் நெடிலைக் குறுக்காது பாடிக் கடந்துவிடுகிறார் என்பது வேறு. பாட்டெழுதியவர் தளர்ந்த இடத்தைப் பாடகர் தாங்குகிறார்.

திரையுலகம் அவரிடம் வந்த வேளைகளும் உண்டு. 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் விசுவநாதன்-இராமமூர்த்தி இசையில் டி.எம். சௌந்தரராஜனுடன் பாடினார். 'செம்பருத்தி'யில் (1992) அவரைப் பாடவைத்த இளையராஜா, இதே மலைத்தொடரின் அடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். இவற்றில் மெட்டுத்தான் அவருடைய குரலை நோக்கி வளைந்தது. இரவல் பெற்றது திரை.

அவருக்குப் பின் வந்தோர் இரவலை எடுத்துக்கொண்டனர்; உச்சரிப்பை எடுத்துக்கொள்ளவில்லை. அண்மையில் போடியில் ஒரு மௌலிது அவையில் இளைஞர் சிலர் புர்தாவைத் திரைமெட்டு ஒன்றில் ஓதக் கேட்டோம். முதியோர் முகம் சுளித்தனர். நாம் உற்றுக் கேட்டவரையில் ஒரு நெடிலும் பிழைபடவில்லை. உஸ்தாதின் வாய்வழி கற்ற பாடம் மெட்டு மாறியும் அசையாமல் நின்றது. தொடர்ந்து அதே மெட்டில் ஒரு தமிழ்ப் பாட்டை எடுத்தார்கள். முதல் அடியிலேயே 'நாயகம்' 'நயகம்' ஆயிற்று. முகம் சுளித்திருந்த முதியோர் ஒருவரும் அதைத் திருத்தவில்லை.