எண்ணெயும் படுகடனும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

வளர்முக நாடுகளின் பொருளாதாரம் பற்றிய நூல்களில் எண்ணெய் ஓர் அத்தியாயத்திலும் படுகடன் வேறோர் அத்தியாயத்திலும் பேசப்படுவது வழக்கம். முன்னையது வெளிநாட்டு வர்த்தகத்தின்கீழ் ஓர் இறக்குமதிச் செலவாக இடம்பெறும். பின்னையது பொது நிதியின்கீழ், வரவுசெலவுத் திட்டத்தின் துண்டுவிழும் தொகையோடு சேர்த்து ஆராயப்படும். பாடத்திட்ட வசதிக்காகச் செய்யப்பட்ட இப்பிரிவினை நாளடைவிற் சிந்தனைப் பிரிவினையாகவும் உறைந்துவிட்டது. 2022 ஏப்பிரல் 12ஆம் திகதி இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அதே மாதங்களில் எரிபொருள் நிலையங்களின் முன்னே மைல் கணக்கில் வரிசைகள் நீண்டு கிடந்தன. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நேர்ந்தமை தற்செயலன்று. இவை ஒரே உறவின் இரு வெளிப்பாடுகள் என்பதை உணர்வதற்குப் பெரிய புள்ளிவிபரத் தொகுதிகள் தேவையில்லை. கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலைக் கரையில் நின்று நோக்கினாலே போதுமானது.

நுரைச்சோலையில் அமைந்துள்ள லக்விஜய அனல்மின் நிலையம் 900 மெகாவாற்று கொள்ளளவு உடையது. 2011இல் அதன் முதற் பிரிவும், 2014இல் எஞ்சிய இரு பிரிவுகளும் இயங்கத் தொடங்கின. ஏறத்தாழ 135 கோடி டொலர் செலவான இந்நிலையத்துக்குச் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி கடன் வழங்கிற்று. சீன நிறுவனமே அதனைக் கட்டி முடித்தது. நாட்டின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இங்கிருந்து கிடைக்கின்றது. இதற்கு ஆண்டுதோறும் வேண்டப்படும் ஏறத்தாழ 22 இலட்சம் தொன் நிலக்கரி முழுவதும் இறக்குமதியாகின்றது. பெருங் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, தட்டையான சிறு கலங்கள் கரியைச் சுமந்து இறங்குதுறைக்கு வருகின்றன. சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இவ்வேலை நடைபெறுவதில்லை. எனவே ஆண்டு முழுவதற்குமான கரி, கடல் அமைதியுறும் ஏறத்தாழ ஏழு மாதங்களுள் வந்து சேர்ந்தாக வேண்டும். அதற்கான டொலரும் அக்காலத்துள் கிடைத்தாக வேண்டும்.

நிலக்கரி எண்ணெயன்று எனச் சிலர் கூறக்கூடும். எனினும் நுரைச்சோலை எண்ணெயின் வரலாற்றிலிருந்து பிறந்த ஒன்று என்பது நோக்கற்பாலது. 1990களின் நடுப்பகுதிவரை இலங்கையின் மின்சாரத்திற் பெரும்பகுதி நீர்வீழ்ச்சிகளிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் பெறப்பட்டது. 1996ஆம் ஆண்டின் வறட்சியும் மின்வெட்டும் அந்நிலையை மாற்றின. அதன்பின் டீசலையும் உலை எண்ணெயையும் எரிக்கும் நிலையங்கள் அவசரமாகப் பெருகின. நுரைச்சோலைத் திட்டமோ, தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தை அண்டிய கத்தோலிக்க மக்களினதும் கரையோரக் கிராமங்களினதும் எதிர்ப்பினாலும் அரசாங்கங்களின் தயக்கத்தினாலும் நீண்டகாலம் பின்னடைந்து, 2006இலேயே கட்டுமான நிலையை எய்தியது. எண்ணெய் விலையின் பிடியிலிருந்து விடுபடுவதே அத்திட்டத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. எண்ணெயினும் மலிவான மின்சாரம் கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எரிபொருள் மாறிற்றேயன்றி உறவு மாறவில்லை.

அவ்வுறவு யாது? ஆலை டொலரில் வாங்கப்பட்டது. அதன் எரிபொருளும் டொலரில் வாங்கப்படுகின்றது. அது விற்கும் மின்சாரத்தின் விலையோ ரூபாவில் வருகின்றது. கரியின் விலை தொன்னொன்றுக்கு 100 டொலர் எனக் கொண்டாலும் ஆண்டுச் செலவு 22 கோடி டொலராகும். ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் ஆலையின் முழு விலைக்கு ஈடான தொகை எரிந்து சாம்பலாகிவிடும். 2022இல் உக்ரேன் போரின் விளைவாக உலகச் சந்தையில் நிலக்கரி விலை 400 டொலரையும் தாண்டியது. அதே ஆண்டு மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாகவிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. புதிதாக ஒரு சதமேனும் கடன்படாமலே பழைய டொலர்க் கடனின் ரூபாச் சுமை ஐந்தில் நான்கு பங்கு உயர்ந்தது. கடனும் எரிபொருளும் ஒரே நாணயத்தில், ஒரே வேளையில் நெருக்கும்பொழுது எதனை முதலிற் செலுத்துவது என்ற வினா எழுகின்றது. 2022இல் இலங்கை அளித்த விடை யாவரும் அறிந்ததே: கடன் நிறுத்தப்பட்டது, எரிபொருளும் போதியளவு வரவில்லை.

இந்நெருக்கடிக்குக் கூறப்படும் விளக்கங்களுள் மூன்றை ஈண்டு மதிப்பிடுதல் தகும். முதலாவது, இது வெளியிலிருந்து வந்த விபத்து என்பதாகும். நோய்த்தொற்று, போர், விலையேற்றம் என்பன அடுக்கிக் காட்டப்படுகின்றன. அவை உண்மையே. ஆனால் 1973-74இல் எண்ணெய் விலை பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டொலரிலிருந்து 11 டொலருக்கு மேல் உயர்ந்ததும், 1979-80இல் மீண்டும் அது பன்மடங்கானதும், 2008இல் 147 டொலரைத் தொட்டதும் விபத்துகளாகவே விளக்கப்பட்டன. 1965 தொடக்கம் 2023 வரை இலங்கை சர்வதேச நாணய நிதியத்தோடு 17 முறை உடன்பாடு செய்துள்ளது. அரை நூற்றாண்டாகத் திரும்பத் திரும்ப நிகழும் ஒன்றை விபத்தென்பது ஆராய்ச்சியைத் தட்டிக் கழிப்பதாகும்.

இரண்டாவது விளக்கம், ஒரு வல்லரசு விரித்த கடன்பொறியில் நாடு வீழ்ந்தது என்பது. நுரைச்சோலை இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. எனினும் 2021இன் இறுதியில் அரசின் வெளிநாட்டுக் கடனிற் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்திலொன்று. 2007 முதல் வெளியிடப்பட்ட சர்வதேச இறைமை முறிகளின் பங்கோ மூன்றிலொன்றுக்குக் குறையாதது. அம்முறிகள் உயர்ந்த வட்டியும் குறுகிய முதிர்வும் கொண்டவை. அவற்றாற் பெற்ற பணம் எந்த ஆலையாகவும் நிமிர்ந்து நிற்கவில்லை. பொறி என்னும் உருவகம் பொறி வைத்தவனை மட்டுமே காட்டுகின்றது. உள்ளே வரித்தளத்தைச் சுருக்கிக்கொண்டு வெளியே கடன் தேடிய ஆளும் வகுப்பினை மறைக்கின்றது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டதை எந்த அந்நிய வங்கியும் கட்டளையிடவில்லை.

மூன்றாவது, விளக்கம் என்பதினும் நம்பிக்கை எனத்தகும்: நமது கடலடியில் எண்ணெய் கிடைத்துவிட்டால் துயர் தீரும் என்பது. 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையிற் கிணறுகள் தோண்டப்பட்டன. 2011இல் மன்னார்ப் படுகையிற் கெயின் நிறுவனம் இரு கிணறுகளில் இயற்கைவாயுவைக் கண்டது. ஆனால் விலை வீழ்ச்சியுற்றபின் 2015இல் அது வெளியேறிவிட்டது. இவ்வளம் ஒருநாள் பயன்தரக்கூடும். ஆயினும் எண்ணெய் உடைமை கடனுக்கு மருந்தாகுமெனின், 1982 ஓகஸ்டில் கடன் செலுத்த இயலாதெனக் கைவிரித்த நாடு மெக்சிக்கோவாக இருந்திராது. நிலத்தடி எண்ணெயை ஈடாகக் காட்டி அந்நாடு கடன்பட்டது. எண்ணெய் விலை சரிந்து வட்டி உயர்ந்தபோது வீழ்ந்தது. எண்ணெயை வாங்குபவனும் விற்பவனும் ஒரே விலைக்கும் ஒரே வட்டிக்கும் ஆட்படுகின்றனர்.

மூலப்பொருள் ஏற்றுமதி நாடுகளின் வர்த்தக மாற்று விகிதம் காலப்போக்கில் அவற்றுக்குப் பாதகமாகவே அமைகின்றது என்ற கருத்தை 1950இல் ராவுல் பிரெபிஷ் முன்வைத்தார். 1974 முதல் 1984 வரை ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டிற்குச் செயலாளர் நாயகமாகவிருந்த இலங்கையரான காமினி கொரயா, மூலப்பொருள் விலைகளை நிலைப்படுத்தும் பொது நிதியம் ஒன்றிற்காக அயராது உழைத்தார். அச்சிந்தனையின் தகைமை பெரிது. ஆனால் அதற்கு ஒரு வரம்பும் உண்டு. அது நாட்டை ஒற்றை அலகாகக் கொண்டு நாடுகளுக்கிடையிலான சமமின்மையை அளந்தது. உலக விலையின் அடி நாட்டினுள் எவர் முதுகில் விழுகின்றது என்ற வினா அதன் மையத்தில் இடம்பெறவில்லை.

அவ்வினாவுக்கான விடையும் இக்கரையிலேயே உள்ளது. கற்பிட்டி தொடக்கம் உடப்பு, சிலாபம் வரை சிறு மீன்பிடிப் படகுகள் வெளியிணைப்பு இயந்திரங்களினால் ஓடுகின்றன; அவை குடிப்பது மண்ணெண்ணெய். 1950களில் தொடங்கிய இயந்திரமயமாக்கம் பாயையும் துடுப்பையும் நம்பியிருந்த தொழிலை எரிபொருளோடு பிணைத்தது, பிடி பெருகியது, பின்வாங்கும் வழியும் அடைபட்டது. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு பயணத்திற்கு 20 லீற்றர் வேண்டுமெனின் 1,740 ரூபாவாகவிருந்த செலவு 6,800 ரூபாவாயிற்று. மீனுக்கு விலை சொல்பவன் மீனவன் அல்லன். முதலாளியிடம் முற்பணம் பெற்றுக் கடலிறங்குபவன் பிடித்ததை அவருக்கே, அவர் கூறும் விலைக்கே கொடுக்கின்றான். கடன் தந்தவர் விலையையும் வகுக்கும் இவ்வுறவு நாட்டிற்கும் உலகச் சந்தைக்குமிடையே நிலவும் உறவின் சிற்றுரு எனலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: நாடு கடன் செலுத்துவதை இடைநிறுத்தி மறுசீரமைப்புக்குப் பேச முடிந்தது, மீனவனுக்கு அத்தகைய மேசை எதுவும் இடப்படவில்லை.

சலுகை விலையில் மண்ணெண்ணெய் கொடுத்ததே தவறு என வாதிடுவோர் உளர். அவர்தம் வாதத்தில் ஒரு பகுதி உண்மை. விலைக்கும் செலவுக்குமிடையிலான இடைவெளியைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அரச வங்கிகளிடம் டொலரிற் கடன்பட்டு நிரப்பியது. இறுதியில் அக்கடனைத் திறைசேரி ஏற்றது. அதாவது எரிந்துபோன எண்ணெய் படுகடனாக எஞ்சியது. 2012க்கு முன் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குரிய ஏறத்தாழ 25 கோடி டொலரை மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையால் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு காணப்பட்டது. 2022 பெப்ரவரியில் எரிபொருள் வாங்குவதற்கென்றே இந்தியாவிடம் 50 கோடி டொலர் கடன் பெறப்பட்டது. ஆனால் இச்சலுகையின் பெரும்பங்கினை அனுபவித்தவன் படகோட்டியா, நகரத்து வாகன உரிமையாளனா என்று வினவாமல் சலுகையை மட்டும் பழிப்பது அரைகுறை விமர்சனமாகும்.

இன்னுமொரு கணக்கு எஞ்சியுள்ளது. புத்தளம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் பலர் குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் வீட்டுவேலைக்குச் சென்றுள்ளனர். 2021இல் வெளிநாடுகளில் உழைப்போர் முறைசார் வழிகளில் அனுப்பிய பணம் ஏறத்தாழ 550 கோடி டொலர். அவ்வாண்டின் எரிபொருள் இறக்குமதிச் செலவு ஏறத்தாழ 370 கோடி டொலர். அனுப்பப்பட்ட பணத்தில் மூன்றிலிரு பங்கிற்கு ஈடான தொகை எரிபொருளாயிற்று. பிள்ளைகளைப் பிரிந்து எண்ணெய் நாட்டில் உழைத்த தாயின் ஊதியம், எண்ணெயின் விலையாக அத்திசை நோக்கியே பெரும்பாலும் திரும்பிச் சென்றது. சென்மதி நிலுவை அட்டவணையில் இவ்விரு தொகைகளும் வெவ்வேறு நிரல்களில் இருப்பதால் இவ்வுண்மை கண்ணிற் படுவதில்லை.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோல் பெறப்படுகின்றது. ஒரு திட்டத்தை அது உற்பத்தி செய்யும் அலகுகளைக் கொண்டு மட்டும் மதித்தல் போதாது. அதன் வட்டிக்கும் எரிபொருளுக்கும் வேண்டிய அந்நியச் செலாவணியை அது ஈட்டுமா அல்லது மீதப்படுத்துமா என்பதும், விலை ஏறும் நாளில் அதன் சுமையை எவர் தாங்குவர் என்பதும் கட்டுமுன் கேட்கப்படவேண்டியவை. நுரைச்சோலைக்குத் தெற்கே அண்மையில் உள்ள மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. கரிக் கலங்களைக் கரையணுக விடாத அதே சோளகக் காற்றே அவற்றை வலுவாகச் சுழற்றுகின்றது. காற்றாலைகளும் இறக்குமதியானவையே, அவற்றுக்கும் கடன் வேண்டும், காற்று ஓயும் நேரத்திற்கு மாற்று ஏற்பாடும் வேண்டும். ஆயினும் அவற்றின் கடன் ஒருமுறைக் கடன். எரிபொருளுக்கென ஆண்டுதோறும் புதிய கடன் அதனோடு சேர்வதில்லை. அம்மின்சாரத்தின் பயன் கரையோரத்துப் படகுக்கும் வெங்காயத் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் எட்டுமா என்பது பொறியியல் வினா அன்று, அரசியல் வினா. அதனை எழுப்பாத அபிவிருத்தி, எரிபொருளை மாற்றிய பின்னும் பழைய உறவையே புதுப்பித்து நிற்கும்.