கசை ஒழிந்தது, கறை ஒழிந்ததா?

தருமபுரி என்றதும் தகடூரும் அதியமானும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. அதே மண்ணில் இசுலாமியக் குற்றவியல் சட்டம் வழங்கிய காலமும் உண்டு என்பதை நம் இளைஞர்களில் எத்தனைபேர் அறிவர்?

பாராமகால் எனப்பட்ட இப்பகுதி, 1792ல் திப்புவிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. ஆட்சி மாறிற்று, சட்டம் அடியோடு மாறிவிடவில்லை. 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, சென்னை இராசதானியின் குற்றவியல் மன்றங்களிலே வெள்ளை நீதிபதிக்குத் துணையாகக் காசியும் முப்தியும் பத்வா வழங்கினர். 1862ல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்தச் சட்டத்தின் ஆட்சி முடிந்தது.

மணத்துக்குப் புறம்பான உறவை 'ஸினா' என்கிறது அச்சட்டம். ஆணாயினும் பெண்ணாயினும் 100 கசையடி என்பது குர்ஆனின் 24ஆம் அத்தியாயம். மணமானவரைக் கல்லெறிந்து கொல்லும் தண்டனையோ குர்ஆனில் இல்லை. நபிமொழி மரபிலிருந்து சட்டவல்லுநர் கொண்டது. முதுகைக் கிழித்து ஒழுக்கத்தை வளர்க்கலாம் என்பதை நாம் ஏற்கோம். ஆனால், அதே அத்தியாயத்தில் மற்றொரு விதியும் இருக்கிறதே, அதைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? பெண்ணொருத்தியின்மீது பழி சுமத்துபவன் நான்கு சாட்சிகளைக் கொணரவேண்டும். கொணராவிடில் 80 கசையடி அவனுக்கே! நம் ஊர்த் திண்ணைகளில் இவ்விதி நடைமுறைக்கு வந்தால் எத்தனை முதுகு தப்பும்?

பெண்ணுக்குக் கேடயமாகப் பிறந்த இவ்விதியே அவளுக்கு விலங்காகவும் ஆக்கப்பட்டது. பாகிஸ்தானில் 1979ல் வந்த அவசரச் சட்டத்தின்கீழ், கற்பழிக்கப்பட்டேன் என்று கதறியவளின் முறையீடே அவளுடைய ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளப்பட்ட கொடுமை நிகழ்ந்தது. 2006ல்தான் திருத்தினர். விதியைப் பற்றிக்கொண்டு நோக்கத்தை விட்டால் விளைவது இதுவே.

இந்தியாவில் கசை இல்லை. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவையும் உச்சநீதிமன்றம் 2018ல் செல்லாது என்றது. பெற்றோர் இருவரும் தண்டனையிலிருந்து தப்பினர். தப்பாதது யார்? குழந்தை!

1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் முசுலிம்களின் வாரிசுரிமையைச் சமயச் சட்டத்திடம் ஒப்படைத்தது. 1949ல் சென்னை மாகாணத் திருத்தம் விளைநிலத்தையும் அதனுள் சேர்த்தது. சன்னி முறைப்படி, மணமின்றிப் பிறந்த மகவுக்குத் தாயின் சொத்தில் உரிமையுண்டு; தந்தையின் சொத்தில் இல்லை. ஷியா முறையில் தாயின் சொத்தும் இல்லை. தந்தை விரும்பினால் உயிலெழுதி மூன்றிலொரு பங்குவரை தரலாமாம். அது அவன் கருணை; குழந்தையின் உரிமையன்று. ஒருவர் பிழைக்கு மற்றவரைப் பொறுப்பாக்கலாகாது எனும் கொள்கை குர்ஆனிலேயே இருக்க, சட்டவல்லுநர் இந்தச் சிசுவிடம் மட்டும் அதை மறந்ததேன்?

முசுலிம் தோழர்கள் நம்மீது சினம் கொள்ளவேண்டா. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் இத்தகைய குழந்தையைத் தாயோடுதான் உறவாக்குகிறது. தாலி ஏறாவிடில் தந்தையில்லை என்பதில் இரு தரப்பும் ஒரே மேடையில் நிற்கின்றன!

வேடிக்கையைக் கேளுங்கள். ஜீவனாம்ச வழக்கு வந்தால் இரத்தச் சோதனை செய்து, "இவனே தந்தை, மாதந்தோறும் பணம் கட்டு" என்று நீதிமன்றம் ஆணையிடும். அங்கே மதம் குறுக்கிடாது. அதே தந்தை கண்மூடிய மறுநாள், பாலக்கோட்டில் அவன் விட்டுச்சென்ற மாந்தோப்பிலே அந்தக் குழந்தைக்கு ஒரு கிளையும் சொந்தமில்லை.